ஒரே மாதிரி தப்பான ஏழு படகுகள்

இருபத்தொன்பது வயதில் ஒருத்தி ‘ஓய்வு பெறுகிறேன்’ என்றால் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். ஏழு வருடம் ஈர உடுப்போடும், ஃபைபர் படகுக்குப் பூசும் ரெசின் நாற்றத்தோடும் வாழ்ந்துவிட்டு, அடுத்த மாதம் சென்னையில் ஏசி அறைக்குள் உட்காரப் போகிறேன். அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? பிச்சாட்டூர் அணையில் நம் பாய்ப்படகு கிளப்பின் படகுகளை இனி நீங்கள் மூன்று பேர்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். முடிச்சுப் போடுவது, பாய் தைப்பது, நட்டு முறுக்குவது எல்லாம் வீடியோவாகவே கிடைக்கிறது. அதற்கு நான் தேவையில்லை. எந்த வீடியோவிலும் கிடைக்காத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், நடுவில் ரீல்ஸ் பார்க்காமல்.

முதலில் நம் படகு. எண்டர்பிரைஸ். ரெண்டே பேர் ஓட்டுகிற சின்னப் பாய்ப்படகு. ஒரு பெரிய பாய், ஒரு முன்பாய், ரெண்டும் நீலம். பின்னால் உட்காருகிறவர் சுக்கானையும் பெரிய பாயையும் பிடிப்பார். முன்னால் உட்காருகிறவருக்கு முன்பாயும், தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையும், அதோடு பின்னால் இருப்பவரிடம் வாங்கும் திட்டும்.

இதை வரைந்தவர்கள் ஐம்பதுகளின் இங்கிலாந்துக்காரர்கள். பணக்காரர்களுக்கான படகுகள் அங்கே ஏற்கனவே நிறைய இருந்தன. சம்பளக்காரன் ஒருவன் வீட்டுக் கொட்டகையில் ஒட்டுப்பலகை வாங்கி, தானே அறுத்து, தானே ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறக்கிப் பந்தயம் விட வேண்டும். இதுதான் திட்டம். ஒட்டுப்பலகை ஒரு பக்கமாகத்தான் வளையும், கிண்ணம் மாதிரி வளையாது. அதனால்தான் நம் படகின் வயிறு உருண்டையாக இல்லாமல் மடித்த காகிதம் மாதிரி விளிம்பு விளிம்பாக இருக்கிறது. ஒரு குறையை எடுத்து அதையே அழகாக்கியிருக்கிறார்கள், பாருங்கள். நான் மெக்கானிக்கல் படித்தவள். நான்கு வருடப் படிப்பில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமான டிசைன் ஒன்றைக்கூட எனக்குக் காட்டவில்லை. இது தாங்குமா என்று ஊர் சந்தேகப்பட்டபோது, பனிக்காலத்தில் ரெண்டு படகை எடுத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து கடலைக் கடந்து பிரான்சுக்கே ஓட்டிக் காட்டினார்கள். அந்த ஆட்களை நேரில் பார்த்தால் காலில் விழுந்திருப்பேன்.

ஆனால் உண்மையான கெட்டிக்காரத்தனம் படகில் இல்லை, விதியில் இருக்கிறது. உலகத்தில் எங்கே கட்டினாலும் எல்லா எண்டர்பிரைஸும் ஒரே வடிவம், ஒரே குறைந்தபட்ச எடை. கட்டி முடித்த படகு லேசாக வந்துவிட்டால் மரக்கட்டை பொருத்தி எடையைச் சரிக்கட்ட வேண்டும். காசு உள்ளவன் வேகமான படகு வாங்க முடியாது. ஜெயித்தால் ஓட்டியவர்கள் ஜெயித்தார்கள், அவ்வளவுதான்.

இனி கதைக்கு வருகிறேன்.

நம் கிளப்பில் ஏழு ஃபைபர் படகுகள் இருக்கின்றன அல்லவா? நான் சேர்வதற்கு முன்பே அவை இங்கே வந்துவிட்டன. செய்தவர் நாயுடுபேட்டை முனிரத்தினம் அண்ணன். தண்ணீர்த் தொட்டி, ஆட்டோ கூரை, பார்க் குளங்களில் மிதக்கும் அன்னப்பறவை பெடல் படகு எல்லாம் அவருடைய ஷெட்டில் உருவாகும். சென்னையிலிருந்து யாரோ கழித்துக்கட்டிய பழைய மரப்படகு ஒன்று நம் கிளப்புக்கு வந்திருந்தது. அதன் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து ஏழையும் வார்த்துக் கொடுத்தார். பளபளவென்று இருந்தன. ஏழையும் நமக்குள்ளேயே ஓட்டினோம், நமக்குள்ளேயே ஜெயித்தோம், நமக்குள்ளேயே சண்டை போட்டோம். வெளியூர்க்காரர்களோடு மோதிப் பார்த்ததே இல்லை.

முதல்முறையாகப் போட்டி நம் அணைக்கு வந்தது மூன்று வருடம் முன்பு, மாங்காய் சீசனில். சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ஜோடிகள் தங்கள் படகுகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தன. நம் பக்கத்தில் மூன்று ஜோடி. முதல் ரெண்டு இடத்துக்கு வரும் ஜோடிகளுக்கு தேசிய ஜூனியர் முகாம்.

நம் ஜோடிகளில் முதலாவது லாவண்யாவும் ஜெகதாவும். லாவண்யா சத்தியவேடு பக்கம். வீட்டில் எல்லோரும் கூலி வேலை. அவள் திருப்பதியில் டிகிரி கடைசி வருடம். ஜெகதா நகரி, அப்பாவுக்கு விசைத்தறி. லாவண்யா பின்னால், ஜெகதா முன்னால். ஐந்து வருடமாக ஒரே படகு. ரெண்டு பேருக்குமே ஜூனியர் வயது அந்த மாதத்தோடு முடிகிறது. முகாமுக்குப் போனால் விளையாட்டுக் கோட்டாவில் மேல்படிப்பு, விடுதி, சாப்பாடு. போகாவிட்டால் லாவண்யாவுக்கு அத்தை மகன் ஒருவன் தயாராக இருந்தான். இதை அவளே சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் அளவு பார்க்கும் மேடம் வந்தார். ஆந்திராவிலேயே அப்படி ஒரு கண் வேறு யாருக்கும் கிடையாது என்று சத்தியம் செய்வேன். வெளியூர்ப் படகுகளை முடித்துவிட்டு நம் முதல் படகைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். மேலே கம்பியை இழுத்துக் கட்டி, அதிலிருந்து படகின் அடிவரை இடத்துக்கு இடம் அளந்தார். திரும்ப அளந்தார். அடுத்த படகைக் கேட்டார். மூன்றாவது படகை அளந்ததும் மீதி நான்கையும் கவிழ்க்கச் சொன்னார்.

ஏழு படகுக்கும் ஒரே நோய். அடிப்பகுதி முன்னிருந்து பின்னாக லேசான வில் மாதிரி வளைந்திருக்க வேண்டும். நம்முடையதில் நடுப்பகுதி அரை விரல் உள்ளே போய் ஏறக்குறைய தட்டையாக இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தப் பழைய மரப்படகை முன்னால் ஒரு லாரி டயர், பின்னால் ஒரு லாரி டயர் என்று வைத்து வருடக்கணக்கில் வெயிலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. தொய்ந்த படகுக்கு அண்ணன் துல்லியமாக அச்சு எடுத்துவிட்டார். அச்சில் பிழை கிடையாது, வார்ப்பில் பிழை கிடையாது. ஏழும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல் தப்பு. ஒன்றோடொன்று மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும்?

திரும்பும்போது நம் படகுகள் மாடு மாதிரி முரண்டு பிடிப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எண்டர்பிரைஸ் என்றால் இப்படித்தான் போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மேடம் கோபப்படவில்லை. இந்தப் போட்டிக்கு வடிவமும் எடையும் சரியாக இருந்தால் போதும், மறுநாள் காலையில் திரும்ப அளப்பேன், எத்தனை படகு சரியாகிறதோ அத்தனை இறங்கலாம் என்றார். முகத்தைத் தூக்கவும் இல்லை, ஐயோ பாவம் என்று அளவுகோலை வளைக்கவும் இல்லை. இப்படி ஒரு அதிகாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. நீங்களும் ஒருநாள் அளவுகோலைப் பிடிப்பீர்கள். அப்போது அந்த முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முனிரத்தினம் அண்ணனுக்கு போன் போட்டேன். மதியத்துக்குள் டெம்போவில் வந்து இறங்கினார். அழுவார், இல்லையென்றால் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். கம்பியைப் பார்த்தார், பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

“இன்னாமா இது, ஏழு புள்ளைக்கும் ஒரே எடத்துல மச்சம்” என்றார். அதோடு துக்கம் முடிந்தது. சட்டையைக் கழற்றிவிட்டார்.

பள்ளத்தை நிரப்ப வேண்டும், ஆனால் எடை ஏறக்கூடாது. ஒருவர் தெர்மாகோல் ஒட்டலாமே என்றார். ரெசின் தெர்மாகோலைத் துன்னுடும் என்று அண்ணன் அவரை அனுப்பிவிட்டார். ரெசின் தின்னாத லேசான ஃபோம் ஷீட் அவரிடம் கொஞ்சம் இருந்தது. அதைப் பள்ளத்தில் ஒட்டி, மேலே ஃபைபர் போர்த்தி, இழைத்து வில் வளைவு கொண்டுவரலாம். ஏறுகிற எடைக்கு ஈடாக, எடைக்கென்று உள்ளே பொருத்தியிருந்த மரக்கட்டைகளைக் கழற்றிவிடலாம். கணக்கு அழகாக வந்தது. ஒரே சிக்கல், ஃபோம் ஒரு படகுக்குத்தான் வரும். ரெசின் இறுகுவதற்கான நேரமும் ஒரு படகுக்குத்தான் இருந்தது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சூடேறி வெடித்துவிடும். ரெண்டு பண்ணப் போனால் ரெண்டும் போய்விடும் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

மூன்று ஜோடி. ஒரு படகு.

கிளப் செக்ரட்டரி சார் என்னைப் பார்த்தார். போட் இன்சார்ஜ் நுவ்வே கதா, நுவ்வே சூஸ்கோ என்றார் தெலுங்கில். பொறுப்பு நீதானே, நீயே பார்த்துக்கொள் என்று என் தலையில் கட்டிவிட்டு, வந்த விருந்தாளிகளுக்கு டீ சொல்லப் போய்விட்டார். எனக்கு யோசிக்கவே ஒன்றும் இல்லை. லாவண்யாவும் ஜெகதாவும்தான் நம்மில் வேகம். அவர்களுக்குத்தான் கடைசி வருடம். மற்ற ரெண்டு ஜோடிகளில் ஒன்று பிச்சாட்டூர்ப் பையன்கள். இன்னொன்று நாகலாபுரம் ரம்யாவும் அவளுடைய சித்தி மகளும், இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காதவர்கள். அவர்களுக்கெல்லாம் அடுத்த வருடம் இருக்கிறது. மூன்று ஜோடியையும் கூப்பிட்டு, படகு லாவண்யாவுக்கு என்று சொல்லிவிட்டேன். பையன்கள் தலையாட்டினார்கள். ரம்யா தரையைப் பார்த்தாள்.

லாவண்யாதான் வாயைத் திறந்தாள்.

“எங்க போட்டுன்னு எதை வச்சிக்கா சொல்ற? ஏழும் தப்புதான், ஆனா ஏழும் ஒண்ணுதானே. இப்பவே மூணு ஜோடியும் அந்தத் தப்பு போட்டுலயே ஓட்டறோம். ஜெயிக்கிறவங்க நாளைக்கு நல்ல போட்டை எடுத்துக்கினு போவட்டும்.”

எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம் அது. வெளியூர்ப் படகோடு ஒப்பிட்டால்தான் அவை தப்பு. தங்களுக்குள் அவை நூறு சதவீதம் நியாயமான படகுகள். எழுபது வருடம் முன்னால் யாரோ ஒட்டுப்பலகையில் எழுதிய விதி சத்தியவேட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு சுத்தமாகப் புரிந்திருக்கிறது. நான் பி.டெக்.

ஆனால் படகு ரெண்டு பேருடையது. ஜெகதாவின் முகம் இருண்டுவிட்டது.

“நீ பின்னாடி குந்திக்கினு முடிவு பண்ணுவ. முன்னாடி குந்திக்கினு நானும் தோக்கணுமாடி?”

“தோப்போம்னு யார் சொன்னது?”

“தோத்தா?”

வேண்டாம் என்று ஜெகதா சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் முனகிக்கொண்டே பாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். அந்த நடையை நான் இன்றைக்கும் மெச்சிக்கொள்கிறேன். சம்மதம் இல்லாத ஒரு விஷயத்தை முழு மனதோடு செய்கிற நடை அது.

சாயங்காலம் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறி வந்ததும் மூன்று படகும் இறங்கின. மிதவைகளைச் சுற்றி ரெண்டு சுற்று. முதல் சுற்றில் லாவண்யா தெளிவாக முன்னால். அந்தத் தட்டை வயிற்றுப் படகை ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் உடம்பைச் சாய்த்து உருட்டித் திருப்புகிற அழகைக் கரையிலிருந்து வெளியூர்க்காரர்களே கைதட்டிப் பார்த்தார்கள். சுக்கானை நம்பி அந்தப் படகைத் திருப்ப முடியாது. ரெண்டு உடம்பும் ஒரே உடம்பாகச் சாய வேண்டும்.

ரெண்டாவது சுற்றில் பையன்கள் நெருங்கினார்கள். லாவண்யா அவர்களை மறித்துக்கொண்டே போனாள். பின்தங்கியிருந்த ரம்யா தனியாக அணைக்கரை ஓரமாக ஒதுங்கினாள். யாராவது கவிழ்ந்தால் தூக்குவதற்காக மோட்டார் வைத்த ரெஸ்க்யூ படகில் இருந்த எனக்கே ஜெகதாவின் குரல் கேட்டது. கரையோரம் பார், சின்னவளைப் பார் என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். லாவண்யா பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தி நேரத்தில் நடு ஏரியில் காற்று செத்துவிடும், கரையோரத்தில் மட்டும் ஒரு கீற்று ஓடும். உங்களுக்கும் இது சீக்கிரம் பழகிவிடும். அந்தக் கீற்றில் லேசான ரெண்டு சின்னப் பெண்கள் வழுக்கிக்கொண்டு வந்து, ஒரு படகு நீளத்தில் ஜெயித்தார்கள்.

நான் ரெஸ்க்யூ படகின் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

லாவண்யா கரையேறியதும் நேராக ரம்யாவிடம் போய், கடைசித் திருப்பத்தில் நடுப்பலகையை எவ்வளவு தூக்கினாய் என்று கேட்டாள். ஜெகதா பாயைச் சுருட்டினாள், கயிறுகளைச் சுற்றினாள், தன் பையை எடுத்துக்கொண்டு, லாவண்யாவுக்காக நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மேடம் சரிசெய்த படகை அளந்தார். முனிரத்தினம் அண்ணன் தள்ளி நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் கம்பியை அவிழ்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பி ஒருமுறை தலையசைத்தார். அன்னப்பறவைப் படகு எதற்கும் அவருக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

பெயர் கொடுக்கும் நேரம் வந்தது. செக்ரட்டரி சார் என்னைத் தனியாக இழுத்துப் போனார். நேற்று ஓட்டியது விளையாட்டுக்கு, அதற்கு எழுத்தும் இல்லை கையெழுத்தும் இல்லை, வெளியூர்க்காரர்கள் முன்னால் கிளப் மானம் போகக்கூடாது, பெரியவளை இறக்கு என்றார். ஒரு நிமிடம் ஆடிப்போனேன் என்பது உண்மை. நான் பதில் சொல்வதற்குள் ரம்யா ஓடி வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். லாவண்யா கையைப் பிடித்துக்கொண்டு, “நீயே ஓட்டுக்கா, எனக்குப் பயமா கீது” என்றாள்.

எல்லோருக்கும் வசதியான முடிவு தானாக வந்து நிற்கிறது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் குற்றம் சொல்ல முடியாது, ஜெயித்தவளே வந்து கேட்கிறாள்.

லாவண்யா ரம்யாவின் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து இறுக்கினாள்.

“இந்தப் போட்டு சொன்னா உடனே திரும்பும்னு மேடம் சொன்னாங்க. நம்முளுது மாதிரி இழுக்காத. லேசா புடி.”

அவ்வளவுதான் பேச்சு. ஃபாரத்தில் ரம்யா பெயரை எழுதினேன். செக்ரட்டரி சார் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் பந்தயத்தில் ரம்யா நம் பழைய படகைத் திருப்புகிற மாதிரியே இதையும் திருப்பினாள். படகு பம்பரமாகச் சுற்றி மிதவையில் இடித்தது. அதற்குத் தண்டனையாக நின்ற இடத்தில் ஒரு முழு வட்டம் போட வேண்டும். கடைசியில் வந்தாள். ரெண்டாவதிலிருந்து கை லேசானது. லாவண்யா கரையோரமாக முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் படகைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். ஜெகதாவும் வந்திருந்தாள். வேறொரு பக்கம் போய், வெளியூர்ப் படகுகளின் டிராலியை இழுத்து உதவிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேருக்கும் நடுவில் ஐம்பது அடி தூரம். அதை யாரும் குறைக்க முயலவில்லை.

கடைசிப் பந்தயத்தில் சின்னப் பெண்கள் ரெண்டு பேரும் சென்னை ஜோடி ஒன்றை முந்தினார்கள். மொத்தக் கணக்கில் மூன்றாவது இடம். முகாமுக்கு ரெண்டு ஜோடி. மூன்றாவதுக்கு ஒரு சான்றிதழும் ஸ்வீட் பாக்ஸும்.

எல்லோரும் பாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் அண்ணன் ரெண்டு நாளாகத் தூங்காதவர், மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாதவர். லாவண்யா அருகில் போய், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டுவிட்டார்.

“அந்தச் சின்னப் பொண்ணுங்களே மூணாவதுன்னா, நீங்க போயிருந்தா கண்டிப்பா எடம் கெடச்சிருக்குமேம்மா. உங்களுக்குன்னுதானே நான் அத்த இழைச்சேன்.”

லாவண்யாவின் கண் நிறைவதை அந்த ரெண்டு நாளில் அப்போதுதான் பார்த்தேன். கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லலாம் என்று முன்னால் போனேன்.

அதற்குள் டிராலிப் பக்கமிருந்து ஜெகதா வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து லாவண்யாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“நாங்க நேத்தே தோத்துட்டோம்ணா” என்றாள்.

அண்ணன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மற்ற படகுகளுக்கு ஃபோம் ஷீட் நாயுடுபேட்டையில் வாங்கினால் விலை அதிகம், சென்னையிலிருந்து வரவழைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

ஆறு படகு பாக்கி இருந்தது. அதில் முதலாவதைச் சரிசெய்வதற்காக லாவண்யாவும் ஜெகதாவும்தான் கவிழ்த்தார்கள், ஒருத்தி முன்பக்கம், ஒருத்தி பின்பக்கம்.